பெயரை இரவல் கொடுத்தவள்

யூ ருய்-யே தன் பெயரை அச்சில் பார்த்தது வாழ்க்கையில் இரண்டே முறை. முதல் முறை, கல்லூரி நுழைவுத் தேர்வில் தேறியவர்களின் பட்டியல் செய்தித்தாளில் வந்தபோது. அப்போது அவளுக்கு வயது பதினெட்டு. இரண்டாம் முறை, நாற்பத்தொன்றாம் வயதில், ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், கறுப்புக் கோடு போட்ட சின்னப் பெட்டிக்குள். "பதிப்பாளர்: யூ ருய்-யே" என்று இருந்தது. பத்திரிகையின் பெயர் 'மலைமுகடு'. அதுவரை அவள் அந்தப் பத்திரிகையின் ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை.

கீலுங் துறைமுகத்தில் சந்தைக்குப் பின்னால் விதைக்கடை வைத்திருந்தாள். அன்றும் மழைதான். முட்டைக்கோஸ் விதையைச் சின்ன உறைகளில் போட்டுக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு அந்தப் பெட்டியை மறுபடி மறுபடி பார்த்தாள். சந்தோஷமா, பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. வேறு யாரோ ஒரு ருய்-யே போல இருந்தது.

விஷயம் இதுதான். தீவு முழுவதும் இராணுவச் சட்டம் வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும். உரிமம் வாங்கப் பதிப்பாளர் ஒருவர் வேண்டும். பதிப்பாளருக்குப் பட்டம் வேண்டும். அரசுக்குப் பிடிக்காததை எழுதினால் அந்த உரிமத்தை ஒரு வருஷத்துக்கு முடக்குவார்கள். அதனால் எழுதுகிறவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் பெயரில் ஆளுக்கொரு உரிமம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்று போனால், அடுத்த வாரமே அதே கட்டுரைக்காரர்கள், அதே அச்சகம், வேறு பெயர்.

அந்தப் பத்திரிகைக்காரர்களில் ருய்-யேயிடம் வந்து கேட்டவன் தூ. அவள் மகளுக்கு இரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். மகள் தெற்கே விடுதிப் பள்ளிக்குப் போன பிறகும் கடைப்பக்கம் வந்தால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவான். போன வருஷம் ஒருநாள், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, ஒரு டயர் வெடிச்சா ஸ்டெப்னி மாட்டுவாங்கல்ல? அந்த மாதிரி உங்க பேரு. ஓட வேண்டி வராமலே போனாலும் போகும்."

அவள் சரி என்றாள். ஏன் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்தாள். தோட்டக்கலையில் பட்டம் வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. படித்து முடித்ததும் வேலை கிடைக்கவில்லை. கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, கடை வந்தது. விதை வாங்க வருகிற குன்றத்து விவசாயிகள் அவளிடம் பட்டத்தைக் காட்டு என்று கேட்டதே கிடையாது. "படிச்ச படிப்புக்கு இப்பதான் ஒரு வேலை வந்திருக்கு" என்று தூவிடம் சிரித்தபடி சொன்னாள். அது காரணமா, இல்லை வெறும் பெருமையா? அவளுக்குத் தெரியாது. அடையாள அட்டையைக் கொடுத்தாள், சான்றிதழின் நகலைக் கொடுத்தாள். விண்ணப்பத்துக்கு முத்திரை வேண்டுமே என்று தூ கேட்டதற்கு, வழியில் எங்கேயாவது மரத்தில் ஒன்று செதுக்கிக்கொள்ளச் சொன்னாள். எல்லோரும் செய்வதுதான். கையெழுத்துக்குப் பதில் முத்திரை வைக்கிற ஊரில், ஆளுக்கு இரண்டு மூன்று முத்திரைகள் இருக்கும். அஞ்சலகச் சேமிப்புக்கு ஒன்று, பதிவுத்தபால் வாங்க ஒன்று, அவசரத்துக்குப் பத்து நிமிஷத்தில் ரயிலடியில் செதுக்கித் தருகிற ஒன்று.

கணவன் வென்-சியாங்கிடம் இதைச் சொல்லவில்லை. அவன் ரயில்வேயில் நிலைய குமாஸ்தா. சொல்லலாம், சொல்லலாம் என்று ஒரு வருஷம் போய்விட்டது.

இப்போது முன்னால் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பத்திரிகைகளும் முடக்கப்பட்டு, அவள் பெயர் ஓடத் தொடங்கியிருந்தது.

பதிப்பாளர் ஆகிவிட்டோமே, படித்தாவது பார்ப்போம் என்று முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பாதி புரியவில்லை. புரிந்ததில் கொஞ்சம் அலுப்பாக இருந்தது. பதினான்காம் பக்கத்தில் அவள் கை நின்றது. யீலான் சமவெளியில் பல வருஷங்களுக்கு முன் புயலில் கரை உடைந்த கதை. எட்டாம் வேலி என்ற கிராமத்தில் ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள், அரசு அதை மறைத்துவிட்டது என்று எழுதியிருந்தது.

எட்டாம் வேலி அவள் பிறந்த ஊர்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. தண்ணீர் வடிந்த பிறகு, வீடுகளின் கதவுகளைக் கழற்றி, செத்தவர்களை அவற்றின் மேல் கிடத்திக் கோயில் முற்றத்தில் வரிசையாக வைத்தார்கள். எல்லாருடைய மேலேயும் பாய் மூடியிருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கதவுகளை எண்ணினாள். பதினொன்று. நான்கு நாள் கழித்து வந்த செய்தித்தாளில் "இருவர் பலி, சிறு சேதம்" என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அதை வாசித்தபோது அவள் எழுந்து பதினொன்று என்றாள். ஆசிரியர் அடிக்கவில்லை. ஓடி வந்து அவள் வாயைக் கையால் பொத்தினார். பேப்பரில் போட்டது சரியா, தான் எண்ணியது சரியா என்ற குழப்பம் அன்றைக்குப் பிடித்தது. வளர்ந்த பிறகு தெளிந்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

இப்போது பார்த்தால் இவர்களும் தப்பாக எழுதியிருக்கிறார்கள். அதுவும் அவள் பெயரைப் போட்டு.

எதிர்ப்பக்க மருந்துக்கடையிலிருந்து தூவுக்குப் போன் செய்தாள். சண்டை போடத்தான் போன் செய்தாள். பேப்பர்காரன் ஒன்பது பேரை விழுங்கினான், நீங்கள் நாற்பது பேரைப் பெற்றுப் போட்டிருக்கிறீர்கள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். கட்டுரைக்காரர் யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருப்பார், பதிவு எதுவும் கிடைக்காதே என்று தூ இழுத்தான். பிறகு சொன்னான்.

"நீங்க எழுதுங்கக்கா. எங்களத் திட்டியே எழுதுங்க. அடுத்த இதழ்ல அப்படியே போடறேன்."

"போடுவியா?"

"பேரோட அனுப்புங்க. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

போனை வைத்த பிறகு அவளுக்குச் சண்டை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அன்று கடை மூடும் வரை உட்கார்ந்து எழுதினாள். ஐம்பது இல்லை, இரண்டும் இல்லை, பதினொன்று. ஒவ்வொரு கதவாக நினைவுக்குக் கொண்டுவந்து பெயரை எழுதினாள். மறந்துபோன மூன்று பெயர்களை ஊரிலிருந்த அண்ணனுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டாள். எதுக்கு என்று அண்ணன் கேட்டான். சும்மாதான் என்றாள்.

கடிதம் போன மூன்றாம் நாள் கடைக்கு ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நனைந்த குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டு வந்த விதத்தில் மரியாதை தெரிந்தது. பெயர் ஷியுங் என்றார். பத்திரிகைகளை முடக்குகிற அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியிலிருந்து முள்ளங்கி விதை சிந்தியது. அவரே குனிந்து நாலைந்து விதைகளைப் பொறுக்கிக் கொடுத்தார்.

பையிலிருந்து உரிம விண்ணப்பத்தின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் கீழே சிவப்பு முத்திரை இருந்தது. அருகில் இன்னொரு தாள். அதில் அஞ்சலகத்தில் அவள் கொடுத்திருந்த முத்திரையின் பதிவு. விண்ணப்பத்தில் இருந்தது வட்டம், அஞ்சலகத்தில் இருந்தது சதுரம். குழந்தைக்குக்கூடத் தெரியும், இரண்டும் வேறு என்று. உண்மையில் அந்த வட்ட முத்திரையை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

ஷியுங் மூன்றாவதாக ஒரு தாளை எடுத்தார். தட்டச்சு செய்த ஒரே வரி. விண்ணப்பத்தில் உள்ள முத்திரை என்னுடையது அல்ல. கீழே பெயர் எழுத இடம்.

"நான் உங்களப் பொய் சொல்லச் சொல்லலம்மா. உண்மையத்தான் எழுதச் சொல்றேன்."

"அந்தப் பையன் என்ன ஆவான்?"

"அடுத்தவங்க முத்திரையச் செதுக்கறதுக்குச் சட்டம் இருக்கு. அது அவன் பாடு. நீங்க ஏமாந்த ஆளு. ஏமாந்தவங்க மேல எங்களுக்குக் கோபம் கிடையாது."

போகிற போக்கில், வென்-சியாங் ரயில்வேயில் நல்ல பெயர் எடுத்தவர் என்று கேள்விப்பட்டதாகவும் சொன்னார். திட்டியிருந்தால், மேஜையைத் தட்டியிருந்தால், அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். இப்படிப் பதமாகப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? மூன்று நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மூன்றாம் நாள்தான் அடுத்த இதழ் புத்தகக்கடைக்கு வரும் நாள். அதை நினைத்துக் கேட்டாளா, வாய்க்கு வந்ததைக் கேட்டாளா என்பது அவளுக்கே தெளிவில்லை. ஷியுங் தலையாட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை வென்-சியாங்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மீன் உருண்டை சூப் ஆறிப்போகும் வரை அவன் கேட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்துகிற ஆள் இல்லை. நக்கல் செய்கிற ஆள்.

"வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டு, இப்ப என்கிட்ட வந்து குடையுதுன்னு சொல்ற."

அவன் எழுந்து போய்த் திரும்பி வந்தான்.

"அது உன் முத்திரை இல்லதானே? எழுதிக் குடுத்துடு. பொய் ஒண்ணும் இல்லியே."

"நான்தான் செதுக்கிக்கச் சொன்னேன்."

"அத அவர் கேக்கலியே. முத்திரை உன்னோடதான்னுதானே கேட்டாரு? சரி, அந்தப் பத்திரிகைய நீ படிச்சியா?"

"படிச்சேன். எங்க ஊரப் பத்தித் தப்பா எழுதியிருக்கான்."

"தப்பா எழுதினவனுக்காகவா இவ்வளவும்?"

"தப்புன்னு நான் எழுதி அனுப்பியிருக்கேன். போடறேன்னு சொல்லியிருக்கான்."

வென்-சியாங் அவளையே பார்த்தான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அவன் அவளிடம் கேட்டதில்லை. நக்கல் இல்லாமல் கேட்டான்.

"போடுவானா?"

"தெரியல."

அந்த மூன்று நாளும் அவள் கடையில் விதையை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். பூசணி கேட்டவருக்குச் சுரை போயிற்று. எழுதிக் கொடுக்கலாம் என்று காலையில் முடிவு செய்வாள். உண்மைதானே, நான் செதுக்கவில்லை, பார்க்கவும் இல்லை என்று சொல்லிக்கொள்வாள். மத்தியானத்துக்குள் அது பொய்யாகிவிடும். ஒரு வரி எப்படி உண்மையாகவும் பொய்யாகவும் இருக்க முடியும்? செய்தித்தாள் சொன்ன இரண்டு பேரும் செத்தது நிஜம்தானே. அந்த இரண்டு பேரை யாரும் இட்டுக்கட்டவில்லை. மற்ற ஒன்பது பேரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதை யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. யாரிடம் பேசுவது?

மூன்றாம் நாள் காலை, பேருந்து நிலையத்துப் புத்தகக்கடையில் மெதுவாகப் பெயரைச் சொன்னாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சினிமாப் பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிரதியை உருவி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பதிப்பாளரே ஒளிந்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆறாம் பக்கத்தில் அவள் கடிதம் இருந்தது. "எங்கள் பதிப்பாளர் எங்களைத் திருத்துகிறார்" என்று தலைப்பு. பதினொரு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரு எழுத்து மாறவில்லை.

ஷியுங் மூன்று மணிக்கு வந்தார். அவர் பையிலும் அந்த இதழ் இருந்தது. அவர் முகம் மலர்ந்திருந்ததுதான் அவளுக்குப் புரியவில்லை.

கடிதத்தைப் படித்தேன், ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். ஐம்பது என்பது பொய் என்று பதிப்பாளரே சொல்லிவிட்ட பிறகு எங்களுக்கு என்ன வேலை என்றார். அந்தத் தாளில் எழுதிக் கொடுத்தால், நாளைக்கே பெரிய பேப்பர்கள் எல்லாவற்றிலும் இந்தச் செய்தி வரும்படி செய்வதாகச் சொன்னார். "இத ரெண்டாயிரம் பேரு படிப்பான். அத நாடே படிக்கும்" என்றார்.

நாடே படிக்கும் என்றால் நல்லதுதானே? தான் கேட்டது அதுதானே?

"பதினொண்ணுன்னு போடுவீங்களா?" என்று கேட்டாள்.

"அம்பதுங்கறது பொய்னு போடுவாங்க."

"பதினொண்ணு?"

ஷியுங் முதல்முறையாக ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அது எதுக்கும்மா? பழைய கதை. ரெண்டுன்னு அப்பவே வந்தாச்சு. திரும்பவும் அதக் கிளறணுமா?"

அவள் இழுப்பறையைத் திறந்தாள். பேனாவை எடுத்து, தட்டச்சு வரியைக் கோடு போட்டு அடித்தாள். அதன் கீழே, விண்ணப்பத்தில் உள்ள முத்திரை என் சொற்படி செதுக்கியது, என்னுடையது என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. அஞ்சலக முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, அதன்மேல் அழுத்தினாள். வீரமாக எதுவும் தோன்றவில்லை. அடுத்த நிமிஷமே அழித்துவிடலாமா என்றும் இருந்தது.

ஷியுங் தாளை எடுத்து மை காய ஊதினார். கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். 'மலைமுகடு' ஒரு வருஷத்துக்கு முடக்கம் என்ற ஆணை அது. தயாராகவே கொண்டு வந்திருந்தார்.

"பதிப்பாளர்தான் வாங்கணும். இதுக்கும் அதே முத்திரைய வச்சுடுங்க" என்றார்.

அடுத்த மாதம் வென்-சியாங்கை மலைக்குப் போகிற கிளை ரயில்பாதையில் ஒரு சின்ன நிலையத்துக்கு மாற்றினார்கள். ஒரு நாளைக்கு ஆறு வண்டி நிற்கிற இடம். சனிக்கிழமை வருவான், ஞாயிறு மாலை போவான். வந்தால், "பதிப்பாளரம்மா, எனக்கு ஒரு கிண்ணம் சோறு கிடைக்குமா?" என்பான். அதில் கோபம் எவ்வளவு, விளையாட்டு எவ்வளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை கேட்டேவிட்டாள். அவன் யோசித்துவிட்டு, "எனக்கே தெரிஞ்சா சொல்றேன்" என்றான். தூ தப்பித்தான். மீதமிருந்த கடைசி ஸ்டெப்னியை மாட்டினான். மூன்று இதழ் ஓடி அதுவும் போயிற்று. அதன் பிறகு அவன் கையில் உரிமம் எதுவும் இல்லை. பட்டம் வாங்கிய ஆட்களைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் பாங் வந்தார். அறுபது வயதிருக்கும். யீலானிலிருந்து வெங்காயத்தாள் நாற்று கொண்டுவந்து சந்தையில் விற்பவர். அவள் கடைக்கு இதற்குமுன் வந்ததில்லை. சட்டைப்பையிலிருந்து, மழைக்காகப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். பத்திரிகையின் ஆறாம் பக்கம். யாரோ படித்துக் காட்டியதாகச் சொன்னார். ஏழாவது பெயரில் விரலை வைத்தார்.

"இவ என் பொண்டாட்டி. பேரைச் சரியாப் போட்டிருக்க, தங்கச்சி. முப்பது வருஷமா யாரும் எழுதல."

ருய்-யே எழுந்து நின்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஆனா குழந்தைய விட்டுட்டியே."

அவளுக்குப் புரியவில்லை. பதினொரு கதவுகள் இருந்தன, நானே எண்ணினேன் என்றாள்.

"கதவு பதினொண்ணுதான். குழந்தைக்குன்னு தனிக் கதவு எதுக்கு? அவ மாருலயே வச்சுப் பாயால மூடிட்டோம். பொறந்து பன்னெண்டு நாளு. பேரு வைக்கல. அலுவலகத்துல பதியவும் இல்ல."

அவள் மறுபடி அந்த முற்றத்தில் நின்றாள். ஏழாவது கதவு. பாயின் நடுவில் மேடு ஏதும் இருந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. எண்ணியவள் அவள். தப்பாக எண்ணியவளும் அவள்தான். வாயைப் பொத்த வந்த ஆசிரியரிடம்கூட அவள் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

பாங் கோபப்படவில்லை. நாற்றுக்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"அடுத்த வாரம் பன்னெண்டுன்னு போட்டுடு."

பத்திரிகை இல்லை, அடுத்த வாரமும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சரி அண்ணா என்றாள்.

அவர் போன பிறகு பழைய முகவரிகளைத் தேடி எடுத்தாள். கல்லூரியில் கூடப் படித்த சென் பாவ்-ஹுவா என்று ஒருத்தி இருந்தாள். தைச்சுங் பக்கம் பேரித் தோட்டக்காரரைக் கட்டிக்கொண்டு, நான்கு பிள்ளைகளோடு இருந்தாள். கடைசியாகக் கடிதம் எழுதிக்கொண்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. ருய்-யே நலம் விசாரித்தாள். பேரியில் இந்த வருஷம் கருப்புப் புள்ளி விழுந்ததா என்று கேட்டாள். பிறகு, உன் பட்டம் சும்மாதானே கிடக்கிறது என்று தொடங்கி, உரிமம், முத்திரை எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு திருத்தம் போட வேண்டும், ஒரே ஒரு குழந்தை விட்டுப்போயிற்று, அதற்குத்தான் என்றும் எழுதினாள்.

அங்கே முடித்திருக்கலாம். வென்-சியாங் எங்கே மாற்றப்பட்டான் என்பதைச் சொல்லாவிட்டால் பாவ்-ஹுவா ஒருவேளை சம்மதிப்பாள். சொன்னால் சம்மதிக்க மாட்டாள். பேனா நின்றது. வாசலில் ஒருவர் வந்து கீரை விதை கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதன்பிறகு, என் கணவரை மலைநிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள், சனிக்கிழமைதான் வருகிறார், யோசித்து முடிவு செய் என்று எழுதினாள். இதைப் படித்த பிறகும் ஒருத்தி பெயரைக் கொடுப்பாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. தானே அன்று இதெல்லாம் தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாளா? அதுவும் தெரியவில்லை. உறையை ஒட்டி, தபால்தலையும் விற்கிற எதிர்ப்பக்க மருந்துக்கடைக்குப் போனாள்.